விடுபட்டுப் போகும் பெயர்கள்

பள்ளிப் படிப்பை முடித்த நாளிலிருந்து இன்றுவரையான வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். படிப்பு, வேலை, திருமணம், பிள்ளைகள், ஓய்வு என்று நாற்பது ஐம்பது ஆண்டுகளை ஒருசேரத் தொகுத்துச் சொல்லும் வாய்ப்புகள் இன்று பெருகியிருக்கின்றன. பழைய மாணவர் சந்திப்புகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. பணி நிறைவுப் பாராட்டு விழாவிலும் அறுபதாம் கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் எழுந்து ஒரு வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்கிறார். அந்தச் சுருக்கங்களில் ஓர் ஒற்றுமை உண்டு. ‘கஷ்டப்பட்டார், படித்தார், உழைத்தார், உயர்ந்தார்’ என்று எல்லா வினைச்சொல்லும் ஒரே எழுவாயைச் சுற்றியே வரும். அந்த வாக்கியங்கள் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. ஒருவரின் வாழ்க்கையை அவருடைய நினைவை மட்டும் வைத்து எழுதினால் அதில் பல பெயர்கள் விடுபட்டுவிடும். அந்தப் பெயர்களைத் தேடிச் சேர்ப்பதே நேர்மையான திரும்பிப் பார்த்தல். அது நமக்காக மட்டுமின்றி, நம் பேச்சைக் கேட்டு வளரும் அடுத்த தலைமுறைக்காகவும் செய்ய வேண்டிய கடமை. இதுவே என் வாதம். இதற்கான சான்றுகளை முதலில் வைக்கிறேன். எழக்கூடிய மறுப்புகளைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நினைவைப் பார்ப்போம். பள்ளி நாட்கள் நமக்கு மிகத் தெளிவாக நினைவிருப்பதாக எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. நாற்பதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலமே அதிகமாக மேலெழுந்து வருகிறது என்று உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் நிறைய நினைவிருப்பதும் சரியாக நினைவிருப்பதும் ஒன்றாகிவிடாது. 1996இல் ஹாரி பாரிக்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், 99 கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் பள்ளியில் வாங்கிய 3,220 மதிப்பெண் தரங்களைக் கேட்டு, பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். முதல் தரமான ‘ஏ’ வாங்கியதை 89 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். தாழ்ந்த தரமான ‘டி’ வாங்கியதைச் சரியாகச் சொன்னது 29 சதவீதம்தான். பிழைகளில் பெரும்பாலானவை மதிப்பெண்ணை உயர்த்திச் சொன்னவை. அவர்கள் பள்ளியை விட்டுச் சில ஆண்டுகளே ஆன இளைஞர்கள். நெடுங்காலம் கழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு டேனியல் ஆஃபர் என்ற மனநல மருத்துவரின் ஆய்வு இருக்கிறது. 1960களில் பதினான்கு வயதுச் சிறுவர்களிடம் வீடு, பெற்றோர், கண்டிப்பு, நம்பிக்கைகள் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார். அவர்களில் 67 பேரை நாற்பத்தெட்டாவது வயதில் சந்தித்து, ‘சிறுவயதில் என்ன சொல்லியிருப்பீர்கள்?’ என்று கேட்டார்கள். அவர்கள் நினைவு, கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடத் துல்லியமாக இல்லை. இவர்கள் யாரும் மறதி நோயாளிகள் அல்ல. நலமாக வாழ்ந்துகொண்டிருந்த நடுவயது ஆண்கள்.

அப்படியானால் ஒரு தலைமுறையின் வாழ்க்கையை நம்பகமாகத் திரும்பிப் பார்க்க, பள்ளி முடிக்கும் நாளிலேயே குறித்து வைத்த பதிவு வேண்டும். அப்படி ஒன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இளவேனிலில், அந்த மாநிலத்தில் பள்ளி இறுதி வகுப்பிலிருந்த மாணவர்களிடம் அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடந்தது. உயர்கல்வித் திட்டமிடலுக்காக எடுத்த சாதாரணக் கணக்கெடுப்பு அது. சில ஆண்டுகள் கழித்து வில்லியம் சிவெல் என்ற சமூகவியலாளர் அந்தத் தரவின் அருமையை உணர்ந்து, மூன்றில் ஒரு பங்கினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பின்தொடரத் தொடங்கினார். 10,317 பேர். 1964இல் அவர்களின் பெற்றோருக்குக் கடிதம் போயிற்று. 1975இல் அவர்களிடமே பேசினார்கள். 1990களிலும் அதன் பிறகும் மீண்டும் மீண்டும் தேடிச் சென்றார்கள். உடன்பிறந்தவர்களையும் ஆய்வில் சேர்த்தார்கள். குடும்ப வருமானத்தை யாருடைய நினைவிலிருந்தும் எடுக்கவில்லை. மாநில வரிப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். திறனுக்குப் பள்ளியில் எழுதிய பொதுத் தேர்வின் மதிப்பெண் இருந்தது. பதினெட்டு வயதில் தொடங்கி முதுமைவரை, முன்னோக்கிப் பதிவு செய்யப்பட்ட ஒரு தலைமுறையின் கதை அது.

அந்தக் கதை சொல்லும் செய்தியைக் கவனியுங்கள். 1971இல் சிவெல் தொகுத்துச் சொன்னபடி, வசதியில் மேல் கால் பங்கிலிருந்த மாணவருக்கு, கீழ்க் கால் பங்கு மாணவரைவிடக் கல்லூரியில் நுழையும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. பட்டம் முடிக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு. அதற்கும் மேலான உயர்கல்விக்கு ஒன்பது மடங்கு. படி ஏற ஏற இடைவெளியும் ஏறுகிறது. ‘வசதியான வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படித்திருப்பார்கள்’ என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. தேர்வில் ஒரே அளவு திறன் காட்டியவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோதும் இடைவெளி நீடித்தது. ஒரே திறனுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பெண் பட்டம் பெறும் வாய்ப்பு குறைவாக இருந்தது. இதற்கு முன், 1969இல் சிவெலும் ஆர்ச்சிபால்டு ஹாலரும் அலெஹாந்த்ரோ போர்ட்டஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னொன்றையும் காட்டியது. குடும்பத்தின் வசதியும் மாணவரின் திறனும் எதிர்காலத்தை எட்டுவது பெரும்பாலும் மனிதர்கள் வழியாகத்தான். பெற்றோர் ஊக்கினார்களா, ஆசிரியர் ‘மேலே படி’ என்றாரா, கூடப் படித்த நண்பர்கள் கல்லூரிக்குப் போகிறார்களா என்பவையே ஒரு பிள்ளையின் ஆசையின் உயரத்தை வரையறுத்தன. நம் மனத்தில் நாமே வளர்த்ததாக நினைக்கும் இலட்சியம்கூட யாரோ நட்டு வைத்தது.

இத்தனை கைகள் இருந்தும் கதையில் அவை ஏன் வருவதில்லை? மனம் கெட்டுப்போனதால் அல்ல. மனத்தின் அமைப்பே அப்படி. ஷாய் டேவிடாய், தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2016இல் இதை ஒரு சைக்கிள் பயணத்தைக் கொண்டு விளக்கினார்கள். எதிர்காற்றில் மிதிக்கும்போது ஒவ்வொரு மிதியிலும் காற்றை உணர்கிறோம். காற்று முதுகுப்பக்கம் திரும்பியதும் சிறிது நேரத்தில் அதை மறந்துவிட்டு, நம் கால்வலிமையால் பறப்பதாக நினைக்கிறோம். தடையைக் கவனித்தே தீர வேண்டும், ஏனென்றால் அதைத் தாண்டியாக வேண்டும். உதவியைக் கவனிக்காவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். பெற்றோர் உன்னிடம் கண்டிப்பாக இருந்தார்களா, உடன்பிறந்தவரிடமா என்று கேட்டால், ஒவ்வொருவரும் தன்னிடம்தான் என்று சொல்லச் சாய்வதையும் அவர்கள் கண்டார்கள். இதற்கு வெகு முன்பே, 1979இல், மைக்கேல் ராஸும் ஃபியோர் சிகோலியும் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்ன பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டிப் போயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது தன் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்தவர் செய்ததில் பாதி, தான் வீட்டில் இல்லாத நேரத்தில் நடந்தது. ஒரு வீட்டின் சில வேலைகளுக்கே இப்படியென்றால், ஐம்பது ஆண்டு வாழ்க்கைக்கு எவ்வளவு பிழை சேரும்!

மனிதர்களைப் போலவே காலமும் விடுபட்டுப் போகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டர், 1974இல் வெளியான தம் நூலில், 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வளர்ந்த ஓக்லாந்து நகரப் பிள்ளைகளின் வாழ்க்கையை ஆராய்ந்தார். பிறகு பக்கத்திலிருந்த பெர்க்கிலி நகரப் பிள்ளைகளோடு அவர்களை ஒப்பிட்டார். முன்னவர்கள் 1920, 1921இல் பிறந்தவர்கள். பின்னவர்கள் 1928, 1929இல் பிறந்தவர்கள். எட்டு ஆண்டு இடைவெளிதான். ஆனால் வீழ்ச்சி வந்தபோது முன்னவர்கள் ஓரளவு வளர்ந்துவிட்டார்கள். வேலைக்குப் போயும் வீட்டைக் கவனித்தும் குடும்பத்துக்குத் தோள் கொடுக்க முடிந்தது. பின்னவர்கள் முழுக்க முழுக்கப் பெற்றோரைச் சார்ந்திருந்த குழந்தைகள். அவர்களில் ஆண் பிள்ளைகளே அதிகம் அடிபட்டார்கள். அப்படி அடிபட்டவர்களில் பலருக்குப் பின்னாளில் இராணுவச் சேவையும், படையிலிருந்து திரும்பியவர்கள் படிக்க உதவிய அரசுத் திட்டமும் மறுவாய்ப்பாக அமைந்தன. எந்த ஆண்டில் பிறந்தோம் என்பதில் யாருக்கும் பெருமையும் இல்லை, பழியும் இல்லை. ஆனால் வாழ்க்கை வரலாற்றில் அதற்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு.

இதை நம் மண்ணில் பொருத்திப் பார்ப்போம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு 18.33 சதவீதம், பெண்களிடையே 8.86 சதவீதம். தமிழ்நாட்டில் 2011இல் அது 80 சதவீதத்தைத் தொட்டது. இடையில் நிகழ்ந்தவற்றை வரிசையாக நினைத்துப் பாருங்கள். காமராசர் காலத்தில் ஊர்ப்புறங்களில் பள்ளிகள் பெருகின, 1956 முதல் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1978இல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யும் அதன் பிறகான பி.யூ.சி.யும் போய், பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வந்தன. இந்த மாற்றத்தைப் பாடத்திட்ட விவகாரமாக மட்டும் பார்க்கக் கூடாது. பி.யூ.சி. படிக்கக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். பிளஸ் டூவைப் பள்ளியிலேயே படிக்கலாம். மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கிய வீட்டில் இது எத்தனை பெரிய வேறுபாடு என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை தொடங்கியது. அதற்கு வருவாய்த் துறை தரும் சான்றிதழ், அந்தக் குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரியே இல்லை என்று உறுதி சொல்கிறது. ஒரு பிள்ளையின் உயர்வுக்குப் பின்னால் எத்தனை தலைமுறை கல்லூரி வாசலைப் பார்க்காமல் இருந்தது என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் ஆவணம் அது. இந்தத் திட்டங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் வரி கட்டிய கோடிக்கணக்கானவர்கள் இருந்தார்கள். சத்துணவுக்கூடத்தில் சமைத்த பெண்கள் இருந்தார்கள். நம் முன்னேற்றக் கதைகளில் அவர்களுக்கு இடம் கொடுக்கிறோமா?

குடும்பத்துக்கு வருகிறேன். இங்கேதான் விடுபடும் பெயர்கள் மிக அதிகம். அவற்றில் பெண்களின் பெயர்களே பெரும்பகுதி. எல்டர் தம் ஆய்வுகளிலிருந்து எடுத்து வைத்த அடிப்படைக் கருத்துகளில் ஒன்று, வாழ்க்கைகள் பிணைந்தவை என்பது. ஒருவரின் முடிவு இன்னொருவரின் வழியை மாற்றுகிறது. நம் குடும்பங்களில் இது கருத்தாக அல்ல, நடைமுறையாகவே இருந்தது. தம்பி படிப்பதற்காக அக்காள் எட்டாம் வகுப்போடு நின்றாள். மூத்தவன் கடையிலோ மில்லிலோ சேர்ந்து இளையவனுக்குக் கட்டணம் கட்டினான். தாயின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போய்ச் செமஸ்டர் பணமாயிற்று. மாற்றலாகிப் போகும் கணவனுடன் செல்ல மனைவி தன் வேலையை விட்டாள். அவன் பதவி உயர்ந்தான். ஆகவே வாழ்க்கையைக் குடும்பம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று பிரித்துச் சொல்லும் வழக்கமே பிழையானது. ஒருவரின் பணிப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு உயர்வும் இன்னொருவரின் வாழ்க்கையில் நின்றுபோன ஏதோ ஒன்றோடு சேர்ந்திருக்கலாம். நின்றுபோனவருக்குப் பாராட்டு விழா நடப்பதில்லை. அவருக்குப் பழைய மாணவர் சந்திப்பும் இல்லை. இறுதி வகுப்புவரை வந்தவர்களைத்தானே அழைக்கிறோம்!

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, வலுவான மறுப்பு: ‘அப்படியானால் தனி முயற்சிக்கு மதிப்பே இல்லையா? ஒரே வகுப்பில், ஒரே வீட்டில் பிறந்தவர்கள் வெவ்வேறாகப் போகிறார்களே?’ இந்தக் கேள்வி நியாயமானது. விஸ்கான்சின் ஆய்வே இதை ஏற்கிறது. குடும்பப் பின்னணி, திறன், ஊக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், வாழ்க்கைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி விளக்கப்படாமலே நிற்கிறது. உடன்பிறந்தவர்களுக்கிடையிலும் வேறுபாடுகள் உண்டு. அந்த விளக்கப்படாத பகுதியில் முயற்சிக்கு நிச்சயமாக இடம் இருக்கிறது; தற்செயலுக்கும் இருக்கிறது. நான் முயற்சியைக் குறைக்கச் சொல்லவில்லை. முயற்சி இல்லாமல் வாய்ப்பு பயன்படாது. வாய்ப்பு இல்லாமல் முயற்சி பலிக்காது. முன்னது எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறது, பின்னது சொல்லப்படுவதில்லை. நின்றுபோன அக்காளும் முயற்சி செய்தவள்தான். அதே வீட்டில் அதே அளவு, சில நேரம் அதிகமாகவே உழைத்தவள். உழைப்பு மட்டும் போதும் என்றால் அவள் ஏன் உயரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உழைப்பை உண்மையில் மதிப்பவர், பலன் கிடைக்காத உழைப்பையும் உழைப்பு என்று எண்ணுவார்.

இரண்டாவது மறுப்பு: ‘அமெரிக்க மாநிலம் ஒன்றில் 1957இல் பள்ளி முடித்தவர்களின் கதை நமக்கு எப்படிப் பொருந்தும்?’ அந்த ஆய்வுக்குக் குறைகள் உண்டு. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர்கள். பள்ளியை முடித்தவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். இடையில் நின்றவர்கள் தொடக்கத்திலேயே விடுபட்டார்கள். ஆகவே அதன் எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. ஆனால் இந்தக் குறைகள் என் வாதத்தைத் தளர்த்துகின்றனவா, வலுப்படுத்துகின்றனவா என்று யோசியுங்கள். சாதி இல்லாத, பயிற்று மொழிச் சிக்கல் குறைந்த, பள்ளி இறுதிவரை வந்துவிட்ட பிள்ளைகளுக்கிடையிலேயே பிறந்த வீடு இத்தனை வேறுபாட்டை உண்டாக்கியது. சாதியும் நிலவுடைமையும் தமிழ்வழி, ஆங்கிலவழிப் பிரிவும் சேர்ந்த நம் சமூகத்தில் அது குறைவாக இருக்கும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

மூன்றாவது மறுப்பு மனிதநேயம் உள்ளது: ‘முதுமையில் ஒருவருக்கு மிஞ்சுவது தன் கதைதான். அதையும் ஏன் திருத்த வேண்டும்?’ மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய ஒரு கட்டுரை, முதியவர்கள் பழையதைப் பேசுவதை மூளைத் தளர்ச்சியாகப் பார்த்த அக்கால எண்ணத்தை எதிர்த்தது. வாழ்க்கையின் முடிவை நெருங்கும்போது அதை மறுபரிசீலனை செய்வது இயல்பான, தேவையான மனவேலை என்று அவர் வாதிட்டார். தீராத மனத்தாங்கல்கள் மேலெழுந்து வருவதும், அவற்றோடு சமாதானம் காண்பதும் அந்த வேலையின் பகுதிகள். அதைத்தான் நானும் சொல்கிறேன். சாதனைகளை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தால் அந்த வேலை நடக்காது. ‘உன்னால்தான் நான் படித்தேன்’ என்று ஓர் அண்ணனிடம் சொல்வதால் தம்பியின் கதை சிறுத்துவிடாது. இருவர் வாழ்க்கைக்கும் அது பொருள் சேர்க்கும். வெற்றி பெறாதவர்களுக்கு இந்தப் பார்வை தரும் ஆறுதல் இன்னும் பெரிது. எல்லாம் தன் உழைப்பே என்று ஒருவர் சொன்னால், எல்லாம் தன் குற்றமே என்று இன்னொருவர் நினைக்க வேண்டியிருக்கிறது. தவறாகக் கற்பித்த அந்தக் குற்றவுணர்ச்சியைச் சுமந்து நம்மிடையே எத்தனையோ பேர் வாழ்கிறார்கள்.

இதைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் நான் பேசவில்லை. நம் வாழ்க்கையை எப்படிச் சொல்கிறோமோ அப்படித்தான் ஊருக்கும் நாட்டுக்கும் தீர்ப்பு சொல்கிறோம். இலவசப் பள்ளியில் படித்து, அரசு விடுதியில் தங்கி, உதவித்தொகையில் பட்டம் பெற்ற ஒருவர், அவற்றை மறந்துவிட்டால், இன்றைய பிள்ளைக்குக் கிடைக்கும் உதவியை ‘சலுகை’ என்று இகழ்வது எளிதாகிவிடுகிறது. தாம் ஏறி வந்த படிகளையே தேவையற்றவை என்று அவர் உண்மையாகவே நம்பத் தொடங்குகிறார். மறதி இங்கே அநீதியாக மாறுகிறது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் வாழ்க்கையை எழுதப் போகிறீர்கள் என்றால், நினைவுக்குப் பக்கத்தில் ஆவணத்தையும் வையுங்கள். பழைய மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், அடகுச் சீட்டு, கடிதங்கள், சேர்ந்த நாளின் பணி ஆணை எல்லாம் சாட்சிகள். உடன்பிறந்தவர்களிடமும் துணைவரிடமும் அதே ஆண்டுகளைப் பற்றித் தனியே கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் கதையோடு ஒத்துப்போகாத இடத்தில் நின்று யோசியுங்கள். உங்களோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புக்கு வராமல் போனவர்கள் யார் என்று பட்டியலிடுங்கள். முடிந்தால் அடுத்த சந்திப்புக்கு அவர்களையும் அழையுங்கள்.

பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை உங்கள் முன் வந்து, ‘எப்படி முன்னேறினீர்கள்?’ என்று கேட்கும் நாள் வரும். ‘உழைத்தேன்’ என்று சொல்லுங்கள், அது உண்மை. அதோடு நிறுத்தாமல், யார் கட்டணம் கட்டினார், யார் படிப்பை விட்டார், எந்த ஆசிரியர் விண்ணப்பம் வாங்கி வந்து தந்தார், எந்த அரசுத் திட்டம் கைகொடுத்தது என்பதையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அதிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளும். தேவைப்படும்போது உதவி கேட்பது இழிவில்லை என்பது ஒன்று. தனக்கு வசதி வந்ததும் இன்னொருவருக்குக் கைகொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் கற்ற தலைமுறையை உருவாக்க முடிந்தால், நாம் திரும்பிப் பார்த்ததற்குப் பயன் உண்டு.